“பாஸ்போர்ட் சாயா ஜாகா”ன்னா உஷார்
தம்பி, கோலாலம்பூர்ல வாடகை எவ்வளவு, ஊர்லேருந்து என்ன சாமான் கொண்டு வரணும், தமிழை மட்டும் வச்சு ஓட்டிடலாமான்னு கேட்டிருக்கீங்க. வாடகை ஏரியாவுக்கு ஏரியா மாறும், வந்து பாத்துக்கலாம். சாமான் எல்லாம் இங்கேயே கிடைக்கும்.

தமிழை வச்சு ஓட்டலாம்தான். நம்மாளுங்க நிறைய இருக்கிற பிரிக்ஃபீல்ட்ஸ் ஏரியாவுலயே வருஷக்கணக்கா இருந்துட்டு, “மலாய்ல பாதி தமிழ்தானே, கடைதான் கெடாய், கப்பல்தான் காப்பால்”னு பெருமை பேசுற நம்மாளுங்க நிறைய. கிளினிக் போனா வயித்து வலின்னு சொல்லக்கூட ஆள் தேடுவாங்க. நான் அப்படி இல்ல, மலாய்லயே சண்டை போடுவேன்.

முதல்ல ‘ஜாகா’வைக் கத்துக்குங்க. விழிச்சிருக்கிறதைக் குறிக்கிற சமஸ்கிருதச் சொல்லுலேருந்து மலாய்க்கு வந்தது. நம்ம ‘ஜாக்கிரதை’யும் அதே வேர்தான். இன்னிக்கும் மலாய்ல ‘தெர்ஜாகா’ன்னா தூக்கம் கலைஞ்சு முழிச்சது. முழிச்சிருக்கிறவன்தானே காவல் காப்பான்? அப்படியே காவல் காக்கிறது, பிள்ளையைப் பாத்துக்கிறது எல்லாத்துக்கும் ஜாகா ஆயிடுச்சு. ‘ஜாகா முலுட்’னா வாயை அடக்கு. வெள்ளைக்காரன் காலத்துல பேங்க் வாசல்ல கயித்துக் கட்டில் போட்டிருந்த சீக்கிய வாட்ச்மேனுக்குப் பேரே ஜாகா. இந்தோனேசியாவுல டியூட்டி டாக்டர் ‘டொக்தர் ஜாகா’. எதுக்கும் இருக்கட்டும்னு குடை எடுத்தா ‘புவாட் ஜாகா-ஜாகா’.

இவ்வளவு ஏன் சொல்றேன்னா, நான் வந்து இறங்கின அன்னிக்கே முதலாளி “பாஸ்போர்ட் சாயா ஜாகா”ன்னு கையை நீட்டினாரு. நான் பத்திரமா வச்சுக்கிறேன்னு அர்த்தம். இரும்பு அலமாரியில பூட்டினாரு, சாவி அவர் பெல்ட்ல தொங்கும். அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு ஊருக்குப் போகக் கேட்டப்ப, ஆர்டர் முடியட்டும்னாரு. உங்க பாஸ்போர்ட்டை அடுத்தவர் இப்படிப் பிடிச்சு வைக்கிறது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி இங்க குற்றம். வேலை பெர்மிட் எடுக்கிறதுக்குக் கேட்டா, வாங்கிக்கிட்டேன்னு எழுதி வாங்கிட்டுக் குடுங்க, முடிஞ்சதும் கையோட திருப்பி வாங்கிடுங்க.

எனக்கு மலாய் வந்தது அந்த கம்பெனி கேட்ல இருந்த ‘பாக்சிக்’கால, பெரியவரை இங்க மாமான்னு கூப்பிடுற மாதிரி அப்படித்தான் கூப்பிடுவாங்க. ராத்திரி ஷிஃப்ட்ல தே தாரிக், அதான் இழுத்து ஆத்துற பால் டீ, வாங்கிக் குடுத்து, பழமொழியாச் சொல்லுவாரு. ஊர் வம்பு பேசுறதுக்கு ‘ஜாகா தெப்பி காயின் ஓராங்’, அதாவது அடுத்தவன் கைலி ஓரத்தைக் காவல் காக்கிறதாம். அதுக்கு நம்மாளுங்களை அடிச்சுக்க ஆளில்ல. ரூமுக்கு வந்த முதல் நாளே எந்த ஊரு, எந்தத் தெரு, சம்பளம் எவ்வளவுன்னு கேப்பாங்க. ஊரைச் சொல்லுங்க, சம்பளத்தைச் சொல்லாதீங்க. மறுநாளே கைமாத்து கேப்பாங்க.