சிவபுராணத்தில் பரிணாமம் இருக்கிறதா?

புல், பூடு, புழு, மரம் என்று சிவபுராணத்தில் வருகிறதே, டார்வினுக்கு முன்பே நாம் சொன்ன பரிணாமம்தானே அது என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பினாங்கில் தேவார வகுப்பில் அதைப் பாடியே வளர்ந்தவன் நான், அந்த வரிகள் என்றால் எனக்கு உயிர். ஆனால் மாணிக்கவாசகர் அங்கே சொல்வது ஓர் உயிர் பல பிறவி எடுத்து இளைத்துப்போவதை, பரிணாமம் சொல்வதோ ஓர் இனக்கூட்டம் தலைமுறை தலைமுறையாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை. வரிசையையே பாருங்கள், பாம்புக்கு அப்புறம் கல், மனிதர், பேய் என்று போகிறது. அது உயிரியல் வரிசை இல்லை.

சரி, பரிணாமத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? பினாங்கில் தண்ணீர்மலை கோயிலிலிருந்து இறங்கி பொட்டானிக்கல் கார்டன் பக்கம் போங்கள். அங்கே குரங்கு பழம் உரிக்கும்போது விரலைக் கவனியுங்கள், நகம் நம்முடையதைப் போலவே தட்டையாக இருக்கும். அது நம் பாட்டன் இல்லை, சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இருவருக்கும் ஒரு பொது மூதாதை இருந்தது.

1855இல் போர்னியோ தீவிலுள்ள சரவாக்கில் இருந்தபடி, புது இனம் எதுவும் தனக்கு நெருங்கிய பழைய இனத்தை ஒட்டியே தோன்றுகிறது என்று எழுதியவர் வாலஸ். சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துப் பெருகும் இயற்கைத் தேர்வை டார்வினைப் போலவே தனியாகக் கண்டறிந்த ஆங்கிலேய ஆய்வாளர் அவர். மனித மனத்தை விளக்க இயற்கைத் தேர்வு மட்டும் போதாது என்று பின்னாளில் நம்பியவரும் அவர்தான்.