கிருபையும் கைமாற்றும்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் வல்லமையாகப் பிரசங்கிக்கும் ஊழியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய ஜெபத்தால் ஆறுதல் பெற்றவர்களில் நானும் ஒருவன். அவர் என் நண்பரிடம் கைமாற்றாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவில்லை, கேட்டால் கோபப்படுகிறார். மூப்பர்களிடம் முறையிட்டபோது, "அபிஷேகம் பெற்றவரைத் தொடக்கூடாது, நாம் கிருபையால் இரட்சிக்கப்பட்டவர்கள், கிரியைகளினால் அல்ல" என்று சொல்லிவிட்டார்கள். கிருபையே போதும் என்றால் நற்குணத்துக்குக் கிறிஸ்தவ வாழ்வில் என்ன இடம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

மூப்பர்கள் சொன்னது எபேசியர் 2-ஆம் அதிகாரத்தின் 8, 9 வசனங்களில் இருக்கிறது. ஆனால் நற்கிரியைகளில் நடப்பதற்காகவே நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று 10-ஆம் வசனத்தில் பவுல் தொடர்ந்து சொல்வதை அவர்கள் விட்டுவிட்டார்கள். இரட்சிப்பை நன்னடத்தையால் சம்பாதிக்க முடியாது என்பதை நானும் முழுமனதோடு விசுவாசிக்கிறேன். வரி வசூலிப்பவனான சகேயு திருந்தும்வரை இயேசு காத்திருக்கவில்லை. அவனுடைய வீட்டில் தங்க வேண்டும் என்று அவரே முதலில் சொன்னார். அந்தக் கிருபையைப் பெற்றவன்தான், தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புவதாகவும் எழுந்து நின்று சொன்னான். கிருபை அவனுடைய பணப்பை வரைக்கும் சென்றது.

அந்த ஊழியரின் ஜெபத்தால் நீங்கள் ஆறுதல் பெற்றதை நான் சந்தேகிக்கவில்லை. இருப்பினும் சபையை மேற்பார்க்கும் கண்காணியாக இருக்க விரும்புகிறவனிடம் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரம் அடுக்கும்போது, போதிக்கும் திறமை அதில் ஒன்றாக மட்டுமே வருகிறது. குடிப்பழக்கம், கைநீட்டும் கோபம், பண ஆசை, சொந்த வீட்டை நடத்தும் விதம் என்று மற்றவை பெரும்பாலும் குணத்தையும் நடத்தையையும் பற்றியவை. சபைக்கு வெளியே இருப்பவர்களின் நற்சாட்சியும் வேண்டும் என்று அந்தப் பகுதி முடிகிறது.

பண விஷயத்தில் பவுல் தம்மையே எவ்வளவு கட்டுப்படுத்திக்கொண்டார் என்பதை 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். எருசலேமின் ஏழைகளுக்கான காணிக்கையை நிர்வகிக்கத் தம் உடன் ஊழியரான தீத்துவோடு வேறு இரு சகோதரர்களையும் அனுப்புகிறார். அவர்களில் ஒருவர் சபைகளே தெரிந்தெடுத்தவர். அந்தப் பெரிய தொகையைக் குறித்து எவரும் குறை சொல்ல இடமிருக்கக் கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்லாமல் மனுஷருக்கு முன்பாகவும் காரியம் யோக்கியமாய் நடக்க வேண்டும் என்பதே அவர் சொல்லும் காரணம். அப்போஸ்தலராகிய அவரே, என்னை நம்புங்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை.

சுமார் கி.பி. 112-இல், ரோமப் பேரரசின் பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி, தாம் தண்டித்துக்கொண்டிருந்த கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேரரசர் திராயானுக்கு எழுதினார். களவும் விபசாரமும் செய்வதில்லை, கொடுத்த வாக்கை மீறுவதில்லை, தங்களை நம்பி ஒப்படைத்த பொருளைக் கேட்கும்போது மறுப்பதில்லை என்று அவர்கள் கூடி உறுதிமொழி எடுப்பதாக விசாரணையில் தெரிந்துகொண்டதை அவர் குறிப்பிடுகிறார். அவர்களுடைய ஆராதனையோடு சேர்ந்தே வந்த உறுதிமொழி அது.

அபிஷேகம் பெற்றவர்களைத் தொடாதிருங்கள் என்று 105-ஆம் சங்கீதம் சொல்வது, பரதேசிகளாய் அலைந்த முற்பிதாக்களை ராஜாக்கள் ஒடுக்காதபடி தேவன் காத்ததைப் பற்றியது. கடன் கொடுத்தவரின் வாயை அடைக்க அதை எடுப்பது வேதத்துக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன். தாவீதும் அபிஷேகம் பெற்றவன்தான். அவன் பாவம் செய்தபோது தீர்க்கதரிசி நாத்தான் அவனிடம் போய், நீயே அந்த மனுஷன் என்றான்.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறபடி, உங்கள் நண்பர் முதலில் அந்த ஊழியரைத் தனியாகச் சந்திக்கட்டும். அவர் செவிகொடுக்காவிட்டால் ஒன்றிரண்டு சாட்சிகளோடு போகட்டும், அதன்பின் சபைக்குத் தெரிவிக்கட்டும். மூப்பர் மேலான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகளோடு விசாரிக்கும்படி தீமோத்தேயுவுக்கும் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் மூப்பர்கள் விசாரிக்கக் கடமைப்பட்டவர்கள். ஊழியரிடம் இப்போது பணம் இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் அதைச் சொல்லித் தவணை கேட்கட்டும். உங்கள் நண்பரும் அதற்கு இசைய வேண்டும்.