பாதி நீல முகம்: குறியீடா, அச்சுக் கோளாறா?

வணக்கம். தங்கள் தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்த நான்கு தாள்களைச் சேர்த்து ஒட்டும் பழைய திரைப்படச் சுவரொட்டியில் நாயகனின் முகம் பாதி ஆரஞ்சாகவும் பாதி நீலமாகவும் இருப்பதும், நெற்றிக்குக் குறுக்கே நிறம் சட்டென்று மங்குவதும் அவனது இரட்டை மனத்தைக் காட்டுகின்றனவா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலாவதைக் குறியீடாகக் கொள்ளலாம். இரண்டாவது அச்சின் விளைவு. கையால் வரைந்த அக்கால ஓவியர்கள், தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து பார்ப்பவருக்கும் முகம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, நிழலைக் கறுப்பால் நிரப்பாமல் நீலத்தாலோ பச்சையாலோ தீட்டுவது வழக்கம். ஆனால் தாங்கள் அனுப்பிய படத்தில் நீலப் பக்கத்துப் புருவம் மட்டும் நெரிந்திருக்கிறது, அந்தக் கண்ணில் ஒளிப்புள்ளியும் இல்லை. இது வெறும் பழக்கத்தால் வந்ததன்று, ஓவியர் அறிந்தே செய்தது.

நெற்றிக் கோடோ இரண்டு தாள்கள் சேரும் இடம். ஒவ்வொரு தாளும் தனித்தனியே அச்சாவதால் மையின் அடர்த்தி மாறிவிடும். மதுரை சிம்மக்கல் பக்கம் மைதாப் பசையோடு ஒட்டும்போது மூக்கு அரை அங்குலம் விலகிய நாயகர்களைச் சிறுவயதில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அடியிலுள்ள வெற்றுப் பட்டை நாயகனின் 'தனிமை'யைக் காட்டுவதாகத் தாங்கள் எழுதியிருப்பதை மட்டும் நீக்கிவிடுங்கள். அது திரையரங்கின் பெயரும் காட்சி நேரமும் அச்சிட்ட துண்டுத்தாளை ஒட்டுவதற்காக விடப்பட்ட இடம்.