படகில் போய்த் தூண்டில் போடும்போது மணிக்கணக்கில் ஒன்றுமே கடிக்காத நாளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பொறுமை வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். வேண்டும்தான். ஆனால் எதற்காகப் பொறுமையாக இருக்கிறோம் என்று முதலில் தெரிய வேண்டும். கீழே மீனே இல்லையா, இல்லை மீன் இருந்தும் வாய் திறக்கவில்லையா? மீன் இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். இருந்தும் கடிக்கவில்லையென்றால் உட்காருங்கள். நான் பார்த்தவரை படகுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. நல்ல பார்மேல் (கடலடிப் பாறைத் திட்டின்மேல்) நின்றுகொண்டு கால் மணி நேரத்தில் நங்கூரத்தைத் தூக்குவார்கள். ஒன்றுமில்லாத மணல் தரையில் "இன்னும் கொஞ்சம் பார்ப்போமே" என்று அரை நாளை ஓட்டிவிடுவார்கள்.

ஒலியலையை அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டும் எக்கோ சவுண்டர் இருந்தால் பாதி விடை திரையிலேயே கிடைக்கும். இல்லாவிட்டால் இரையைப் பாருங்கள். கணவாய்த் துண்டு ஒன்றைத் தரை தொடும்வரை இறக்கிவிட்டு இருபது நிமிடம் கழித்து ஏற்றுங்கள். ஓரமெல்லாம் நகத்தால் கிள்ளியதுபோல் சின்னச் சின்னதாகக் குறைந்திருந்தால் பொடி மீன் இருக்கிறது, அதைத் தேடிப் பெரியது வர வாய்ப்பிருக்கிறது. போட்டது போட்டபடி, வெளுத்துப்போய், மணமே இல்லாமல் திரும்பினால் அந்த இடத்தில் அப்போதைக்கு ஆள் இல்லை. அதே வெளுத்த துண்டை மறுபடி இறக்குவது வீண் வேலை. நம்மில் பாதிப் பேர் செய்வதும் அதுதான்.

பறவைகளும் சொல்லும். ஆலாக்கள் தண்ணீரில் விழுந்து விழுந்து எழுந்தால் அங்கே போய்விடலாம். ஒரே கோட்டில் உயரத்தில் பறந்து போனால் அவையும் நம்மைப்போல் தேடிக்கொண்டிருக்கின்றன என்று எடுத்துக்கொள்வேன்.

சரி, மீன் இருக்கிறது, கடிக்கவில்லை. பெரும்பாலும் காரணம் தண்ணீர் ஓடாததுதான். பல கடற்கரைகளில் ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஏற்றத்தின் உச்சிக்கும் வற்றின் அடிக்கும் நடுவே ஏறக்குறைய 6 மணி 12 நிமிடம். திசை மாறும் நேரத்தில் நீரோட்டம் தளர்ந்து, கொஞ்ச நேரம் நின்றேவிடும். ஓட்டம் இருக்கும்போது பாரின் எதிர்முகத்தில் மீன்கள் வரிசையாக நிற்கும், தண்ணீர் இரையைக் கொண்டுவந்து கொடுக்கும். ஓட்டம் நின்றால் அந்த வரிசை கலைந்துவிடும். ஓட்டம் நிற்கும் நேரமும் ஓத அட்டவணையில் உள்ள நேரமும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. அதனால் அட்டவணையோடு தூண்டில் நரம்பு (தூண்டில் கயிறு) எந்தச் சாய்வில் இறங்குகிறது என்றும் பாருங்கள். நங்கூரம் போட்ட படகில் அது நேர்க்குத்தாகத் தொங்கினால் காத்திருக்கும் நேரம். மறுபடி சாயத் தொடங்கினால் எல்லோரும் தூண்டிலுக்குத் திரும்பிவிட வேண்டும்.

இன்னொன்று, ஓதம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். "நேற்று ஏழு மணிக்கு அப்படிக் கடித்ததே" என்று புலம்புகிறவர் எட்டு மணியை நெருங்கும்வரை புலம்பாமல் இருக்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வேகமாக இருக்கும், அஷ்டமியை ஒட்டி மந்தமாக இருக்கும். மந்தமான நாளில் நரம்பில் கட்டும் ஈய எடையைக் குறைத்து, நரம்பையும் மெல்லியதாக மாற்றிப் பார்ப்பேன். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவேன். ஈயம், ஆழம், இரை மூன்றையும் சேர்த்து மாற்றிய பிறகு ஒரு மீன் கடித்தால், எதனால் கடித்தது என்று யாருக்குத் தெரியும்?

அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில் மீன் கடிக்கும்போது செய்ய முடியாத வேலைகளைச் செய்துவிடுகிறேன். தூண்டில் முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து மெல்ல இழுத்தால், கூர்மையான முள் நகத்தில் பிடித்துக்கொள்ளும். வழுக்கினால் அரத்தால் தீட்டவோ மாற்றவோ வேண்டும். நரம்பின் கடைசி ஒரு மீட்டரை விரல்களுக்கு நடுவே ஓடவிட்டுச் சொரசொரப்பு தட்டும் இடத்தில் வெட்டிப் புதிதாக முடிச்சுப் போடுகிறேன். மீன் இழுக்கும்போது ரீல் எவ்வளவு இறுக்கமாக நரம்பை விட வேண்டும் என்று வைக்கும் டிராக்கையும் கையால் இழுத்துப் பார்த்துவிடுவேன். கடிக்காத நாளில்தான் ராடைத் தாங்கியில் செருகிவிட்டுச் சாப்பிடப் போவோம். டிராக் இறுகியிருக்கும்போது பெரியது ஒன்று எடுத்தால் நரம்பு அறும், இல்லை ராடே கடலுக்குள் போய்விடும்.

உடம்பையும் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி மிதக்கவிட்டால் பல படகுகள் அலைக்குக் குறுக்கே திரும்பிப் பக்கவாட்டில் ஆடும். வேலையில் மூழ்கியிருக்கும்போது தெரியாத வாந்தி உணர்வு சும்மா உட்கார்ந்ததும் வந்துவிடும். படகின் முன்முனையிலிருந்து கடல் குடை ஒன்றை (தண்ணீருக்குள் விரிந்து படகை இழுத்துப் பிடிக்கும் துணிக்குடை) விட்டால் படகு முகத்தைக் காற்றுக்குத் திருப்பிக்கொள்ளும். ஆட்டம் நன்றாகக் குறையும், இழுத்துப்போகும் வேகமும் குறையும். யாருக்காவது முகம் வெளிறினால் கைபேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்க ஞாபகப்படுத்துங்கள், வெயிலில் சலிப்பாக உட்கார்ந்திருப்பவருக்குத் தாகம் தெரிவதே தாமதமாகத்தான்.

மனநிலை பற்றிக் கேட்டால், "இன்னைக்கு அவ்வளவுதான்" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அறிவிக்கிற ஆளை அடுத்த முறை கூட்டிப்போகாமல் இருப்பதே பெரிய மருந்து. விளையாட்டுக்குச் சொல்கிறேன், ஆனால் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் நான் பொடி மீனுக்கான சின்ன முள்ளைக் கொடுத்துவிடுவேன். கை வேலையாக இருந்தால் வாய் தானாக அடங்கும். பிடிபடும் பொடி மீன் உயிர் இரையாகவும் ஆகும்.

கடைசியாக, திரும்பும் நேரத்தைக் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் இன்னும் தூரம் போய்ப் பார்ப்போம் என்று தோன்றுவது இப்படிப்பட்ட நாட்களில்தான். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு கையிருப்பு என்பது படகுக்காரர்களின் பழைய கணக்கு. இடம் மாறி மாறி ஓடியதும் "போக" என்ற பங்கில்தான் சேரும். அந்தப் பங்கு தீர்ந்துவிட்டால், எந்தத் திசையில் ஆலா விழுந்தாலும் நான் படகைக் கரைக்குத் திருப்பிவிடுவேன்.