மூன்று தலைமுறையாகக் கட்டுமானத் தொழிலில் ஒரு குடும்ப நிறுவனம் நிலைத்திருப்பது எப்படி?

குடும்பக் கட்டுமான நிறுவனங்கள் பலவும் மகன் காலத்திலோ பேரன் காலத்திலோ மூடப்பட்டுவிட, சில மட்டும் எப்படி நீடிக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் தாத்தா தொடங்கிய சிறிய ஒப்பந்த நிறுவனத்தை இன்று என் அக்காவும் நானும் நடத்துகிறோம். எங்களை நிலைநிறுத்தியவை புதிய கட்டடங்கள் அல்ல, பழுதுபார்க்கும் வேலைகளே என்பது என் உறுதியான எண்ணம்.

தாத்தா பொன்னேரிப் பக்கத்திலிருந்து கொத்தனாராக வந்து, மேஸ்திரியாகி, பின்னர் தாமே ஒப்பந்தம் எடுத்தவர். 1892-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றத்தைக் கடக்கும்போதெல்லாம், வடிவமைத்த ஹென்றி இர்வினின் பெயரோடு, அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாரின் பெயரையும் மரியாதையோடு சொல்வார். அவருடைய தொழில் முழுக்கச் சுண்ணாம்புத் தொழில். மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளத்தில், தேக்கு உத்திரங்களின்மேல் செங்கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்தி மூலைவாட்டமாக அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்தபடி, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டும் கட்டை தளத்தில் பட்டு மேலே துள்ளினால்தான் தளம் இறுகிவிட்டது என்று தாத்தா ஒப்புக்கொள்வார். அதற்குப் பிறகே தட்டோடு எனப்படும் தட்டையான ஓடுகளைப் பதிப்பார்கள்.

அப்பா பொறுப்பேற்றபோது காலம் மாறியிருந்தது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபின் வடசென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழத் தொடங்கின. தனியார் வீடுகளும் காங்கிரீட்டுக்கு மாறின. சுண்ணாம்பு அரைக்கும் இடமே எங்கள் கிடங்கிலிருந்து மறைந்தது. ஆனால் காசிமேடு, ராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று கம்பியை எளிதில் விடுவதில்லை. துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னை மூடிய காங்கிரீட்டைப் பிளந்து தள்ளிவிடும். அக்காலத்துத் தளங்களில் கம்பிக்கு அடியில் 15 மி.மீ. காங்கிரீட் இருந்தாலே போதும் என்றிருந்தார்கள். கடலோரச் சூழலில் வெளிப்பட்டிருக்கும் காங்கிரீட்டுக்கு 45 மி.மீ. வேண்டும் என்கிறது 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி. இந்த இடைவெளிதான் இன்று எங்களுக்கு ஓயாத வேலையைத் தருகிறது.

பணக் கணக்கையும் சொல்ல வேண்டும். பெரிய ஒப்பந்தங்களில் வேலை முடிந்து, அளந்து அளவுப் புத்தகத்தில் பதிவாகி, பில் பாஸாகிப் பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும். கொத்தனாருக்கும் சித்தாளுக்குமோ சனிக்கிழமை மாலையே கூலி கொடுத்தாக வேண்டும். ஒழுகும் தளமோ உதிரும் பால்கனியோ சரிசெய்தால் வீட்டுக்காரர் அந்த வாரமே தருவார். இந்தச் சிறு வரவை வைத்தே அப்பா ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் பட்டுவாடா செய்தார். சித்தப்பா தனியாகப் பிரிந்து சென்றபோது கலவை இயந்திரங்களும் காங்கிரீட் இறுகும்வரை தாங்கும் சென்ட்ரிங் பலகைகளும் பங்கிடப்பட்டன. கூலி தவறாது என்பதால் மேஸ்திரிகள் பெரும்பாலும் அப்பாவிடமே தங்கிவிட்டார்கள். எங்கள் நிறுவனம் தப்பிப் பிழைத்தது அவர்களால்தான்.

சிவில் பொறியியல் படித்த அக்கா சுண்ணாம்பைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். ஜார்ஜ் டவுனின் பழைய சுவர்களுக்குப் பலர் சிமெண்டுப் பூச்சு பூசிவிடுகிறார்கள். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி, உப்பு படிந்து, செங்கல் மாவாக உதிர்கிறது. அந்தப் பூச்சைச் செதுக்கி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினால்தான் சுவர் மூச்சுவிடும். தாத்தா காலத்து மேஸ்திரிகளின் பேரப்பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. எனவே ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் இளம் கொத்தனார்களுக்கு, எங்களிடம் எஞ்சியிருக்கும் ஒரு முதிய மேஸ்திரியைக் கொண்டு அக்கா இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கிறார். கற்கும் நாள்களுக்கும் முழுக் கூலி உண்டு. இதில் லாபம் குறைவதை ஏற்கிறோம்.