கைப்பேசியில் கடை: வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூரில் கடை வைத்துக்கொண்டு, சமூக ஊடகம் வழியாக வெளிநாட்டுத் தமிழர்களுக்கும் விற்க நினைக்கும் வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில். பலரும் தமிழர் எல்லாரும் ஒரே சந்தை என்று எண்ணித்தான் கேட்டிருக்கிறார்கள். அங்கேதான் பணம் கரைகிறது.

சிராங்கூன் சாலையில் ரவிக்கைக் கடை வைத்திருக்கிறேன். டிக்டாக் காணொளிகளைப் பார்த்து ஜோகூரிலிருந்து ஆள் வருகிறார்கள். சென்னையிலிருந்து ஒரு விசாரிப்புகூட இல்லை. அதே காணொளியை இன்ஸ்டகிராமில் போட்டும் எடுபடவில்லை. ஏன்? (தேக்கா வாசகி)

டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளை இந்தியா 2020 ஜூன் கடைசியில் தடை செய்துவிட்டது. சென்னைக்காரர் கண்ணில் உங்கள் டிக்டாக் பக்கம் படவே படாது. அங்கே இன்ஸ்டகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ் இரண்டும்தான் வழி.

இன்ஸ்டகிராமில் ஏன் எடுபடவில்லை? டிக்டாக்கிலிருந்து இறக்கிய காணொளியை அப்படியே ஏற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறோம். மூலையில் அதன் முத்திரை ஆடிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட காணொளிகளைப் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பதைக் குறைப்போம் என்று இன்ஸ்டகிராம் 2021லேயே சொல்லிவிட்டது. கைப்பேசியில் எடுத்த மூலக் காணொளியைத் தனியாக வைத்திருங்கள். வெட்டி ஒட்டுவதை வேறு செயலியில் முடித்து, ஒவ்வொரு தளத்திலும் புதிதாக ஏற்றுங்கள். அளவு 1080க்கு 1920. எழுத்தைக் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் போடாதீர்கள். பொத்தான்களும் தலைப்புரையும் அதை மறைத்துவிடும். விலையை அங்கே போட்டுவிட்டு, பின்னூட்டத்தில் "விலை என்ன?" என்று நூறு பேர் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள்.

சினிமாப் பாட்டு இன்னொரு வம்பு. பாட்டின் உரிமம் நாட்டுக்கு நாடு வேறுபடும். இங்கே ஒலிக்கும் பாட்டு வேறொரு நாட்டில் ஊமையாகலாம். வணிகக் கணக்குகளுக்குக் கிடைக்கும் பாட்டுப் பட்டியலும் சிறியது. துணியைக் காட்டிக்கொண்டே நீங்களே பேசிவிடுங்கள். எந்தச் சிக்கலும் வராது.

விலையைச் சொல்லும் விதத்தையும் மாற்ற வேண்டும். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால், சிங்கப்பூர் வாடிக்கையாளருக்குக் காட்டும் விலையில் 9 விழுக்காடு வரி அடங்கியிருக்க வேண்டும். சென்னை வாடிக்கையாளருக்கு அந்தக் கணக்கு வேண்டாம். அஞ்சல் செலவு, சுங்கவரி எல்லாம் சேர்த்து வீட்டு வாசலில் என்ன ஆகும் என்பதுதான் அவர் கேள்வி. அதை ரூபாயில் எழுதுங்கள். நேரம்: சென்னையில் இரவு 9 மணி என்றால் இங்கே 11.30. நீங்கள் கடையடைத்து 8 மணிக்குப் போடும் காணொளி அவர்கள் அலுவலகத்திலிருந்து கிளம்பும் நேரத்தில் போய்ச் சேர்கிறது. நேரம் குறித்து வைத்துத் தானாக வெளியாகும்படி செய்யுங்கள்.

ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினேன். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தேன். மிகச் சில பேருக்குத்தான் போயிருக்கிறது. (பொங்கோல் வாசகர்)

அந்த வடிகட்டி, ஒருவர் வீட்டில் பேசும் மொழியைப் பார்ப்பதில்லை. செயலியை எந்த மொழியில் வைத்திருக்கிறார் என்பதையே பெரும்பாலும் பார்க்கிறது. சிங்கப்பூர்த் தமிழர் பலர் கைப்பேசியை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். மொழியைத் தேர்ந்தெடுக்காமல் விட்டுவிடுங்கள். விளம்பரம் தமிழில் இருந்தாலே மற்றவர்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்னொன்று: சிங்கப்பூரையும் இந்தியாவையும் ஒரே விளம்பரத் தொகுப்பில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். இந்தியாவில் ஒருவருக்கு விளம்பரம் காட்டும் செலவு மிகக் குறைவு. மலிவாகக் கிடைக்கும் பக்கமே கணினி ஓடும். 200 வெள்ளியில் பெரும்பகுதி அங்கே போய்விடும். நாட்டுக்கு ஒரு தொகுப்பு, தனித்தனிப் பணம். வெளிநாட்டு ஊழியர்களுக்கு விற்கும் பொருள் என்றால், அவர்கள் கூடித் தேக்கா (லிட்டில் இந்தியா) நிரம்பி வழியும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின இரண்டு நாளில் செலவிடுங்கள்.

முறுக்கு, அதிரசம் விற்கிறோம். ஜோகூர் பாருவுக்கும் விளம்பரம் செய்ய எண்ணம். சைவப் பலகாரம்தானே, "ஹலால்" என்று எழுதலாமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

சான்றிதழ் இல்லாமல் எழுதாதீர்கள். சிங்கப்பூரில் ஹலால் சான்றிதழ் தருவது முயிஸ் என்ற இஸ்லாமிய சமய மன்றம். மலேசியாவில் ஜாக்கிமும் (அந்நாட்டு அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) மாநிலச் சமய மன்றங்களும், ஜாக்கிம் அங்கீகரித்த வெளிநாட்டு அமைப்புகளும் தரும் சான்றிதழே செல்லும். முயிஸும் அந்தப் பட்டியலில் உண்டு. சான்றிதழ் இல்லாமல் அந்தச் சொல்லையோ அதைப் போன்ற சின்னத்தையோ போடுவது அங்கே குற்றம். "அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய் உண்டு; முட்டை இல்லை" என்று உள்ளதை எழுதுங்கள்.

ஜோகூரின் வார விடுமுறை 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்று பழைய அட்டவணை வைத்திருந்தால் தூக்கிப்போடுங்கள். கெடா, கிளந்தான், திரெங்கானு மூன்றிலும் இன்னும் வெள்ளி, சனிதான். நோன்பு மாதத்தில் பலகாரத்தைக் கடித்துக் காட்டும் காணொளியைப் பகலில் போடாமல், நோன்பு திறந்த பிறகு போடுங்கள்.

துணைப்பாட நிலையம் நடத்துகிறேன். கையில் உள்ள எண்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்பலாமா? (ஈசூன் வாசகி)

இப்போது படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு, வகுப்பு சம்பந்தமாக அனுப்பலாம். வேண்டாம் என்று சொல்ல ஒரு வழியும் அதில் இருக்க வேண்டும். மற்ற சிங்கப்பூர் எண்களுக்கு, அவர்களின் தெளிவான ஒப்புதல் வேண்டும்; இல்லையென்றால், விளம்பரம் வேண்டாம் என்பவர்கள் எண்ணைப் பதிந்து வைக்கும் 'அழைக்க வேண்டாம்' பதிவகத்தில் அந்த எண் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். அந்த முடிவு 21 நாளுக்குத்தான் செல்லும். வாட்ஸ்அப்புக்கும் இதே விதிதான். இன்னொரு நடைமுறைச் சிக்கல்: வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். எண் பட்டியலைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் இரண்டு பக்கமும் அடிபடுகிறார்கள்.

சென்னை இன்ஸ்டகிராம் பிரபலம் ஒருவருக்குப் பணம் கொடுத்து எங்கள் நகையைக் காட்டச் சொல்கிறோம். விளம்பரம் என்று அவர் சொல்லியாக வேண்டுமா? (செங்காங் வாசகர்)

ஆம். பணமாகக் கொடுத்தாலும் நகையாகக் கொடுத்தாலும் அதே விதிதான். இந்திய விளம்பரத் தர மன்றத்தின் 2021 விதிகளின்படி, 15 விநாடிக்குட்பட்ட காணொளியில் விளம்பரம் என்ற குறிப்பு குறைந்தது 3 விநாடி தெரிய வேண்டும். 15 விநாடி முதல் 2 நிமிடம் வரை என்றால், மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஹேஷ்டேக் குவியலுக்குள் ஒளித்து வைத்தால் கணக்கில் வராது. சிங்கப்பூரிலும் 2016 முதல் இப்படிப்பட்ட வழிகாட்டி இருக்கிறது. துபாயில் காட்டச் சொன்னால், காசு வாங்கி விளம்பரம் செய்பவரிடம் அரசு உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

குறிப்பை எங்கே, எத்தனை விநாடி போடுவார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, வெளியிடும் முன் காணொளியை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வெளியான பிறகு திருத்தச் சொன்னால், அதற்கும் தனியாகப் பணம் கேட்பார்கள்.