பொலிஸ்காரர்கள் மனப்பாடம் செய்துகொண்டா சாட்சி சொல்ல வருகிறார்கள்?

கேள்வி கேட்டவர் தன் மாமாவின் வழக்குக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். ஆறு வருடத்துக்கு முந்திய சம்பவத்தைப் பொலிஸ்காரர் மணி, நிமிடம் தவறாமல் சொன்னாராம். "மனப்பாடமா, சோடிப்பா?" என்று கேட்கிறார்.

நான் கொழும்பில் பொலிஸ் சார்ஜன்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். புதுக்கடை நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்தது. சோடிப்பவர்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மணி, நிமிடம் தவறாததற்குக் காரணம் அது அல்ல. அவர் அன்று காலையில் தன் குறிப்பைப் படித்துவிட்டு வந்திருப்பார். அவ்வளவுதான்.

நிலையத்தை விட்டுப் புறப்படும்போதே எத்தனை மணிக்கு, யார் யார், எந்த வாகனத்தில், எதற்காக என்று தகவல் புத்தகத்தில் பதிவு போட வேண்டும். சம்பவ இடத்தில் சட்டைப்பைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவோம். திரும்பி வந்ததும் அது தகவல் புத்தகத்துக்குப் போகும். அதற்குப் பக்க எண்ணும் பந்தி எண்ணும் உண்டு. வருடங்கள் கழித்து அழைப்பாணை வரும்போது நாங்கள் அம்பாறையிலோ வவுனியாவிலோ வேலை செய்துகொண்டிருப்போம். இரவு பஸ் பிடித்து விடிய வந்து இறங்கி, முகம் கழுவி, சீருடையை மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்தைத் தேடிப் படிப்பதுதான் 'தயாராவது'. மேல் நீதிமன்ற வழக்கு என்றால் அரச சட்டவாதி முன்கூட்டியே கூப்பிட்டுப் பேசுவார். நீதவான் நீதிமன்றத்தில் அநேகமாக வழக்கை நடத்துவதே பொலிஸ்தான், அங்கே இந்த ஆடம்பரமெல்லாம் இல்லை.

கூண்டில் ஏறிய பிறகும் குறிப்பைப் பார்க்கலாம். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 159ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. "ஞாபகத்தைப் புதுப்பித்துக்கொள்ள அனுமதி வேண்டும்" என்று நீதிபதியிடம் கேட்க வேண்டும். ஆனால் நாம் பார்த்தால் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், சட்டத்தரணியும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். வினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கத்திக்குத்து வழக்கு. சந்தேகநபர் சொன்னதை வைத்துப் போய்க் கத்தியை எடுத்தது நான். கூண்டில் நின்று, "வீட்டுக்குப் பின்னால் கிடந்த தகரத்துக்கு அடியிலிருந்து எடுத்தேன்" என்றேன். உண்மை. என் கையால் தூக்கிய தகரம். ஆனால் குறிப்பில் "வீட்டின் பின்புறம்" என்று மட்டும்தான் இருந்தது.

"தகரத்தைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறீர்கள்?"

"எழுதவில்லை சேர்."

"ஐந்து வருடம் கழித்து இன்றைக்குத்தான் ஞாபகம் வந்ததா?"

அவசரத்தில் விட்டுப்போயிற்று என்று அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான் விளக்கம் சொல்லப் போனேன். இருட்டாக இருந்தது என்றேன், மழை என்றேன். மழையும் குறிப்பில் இல்லை! அடுத்த அரை மணி நேரம் மழையைப் பற்றியே போனது. வெளியே வந்தபோது எங்கள் பொறுப்பதிகாரி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இந்தத் தகரக் கதைதான். கேட்டதற்கு மட்டும் பதில். தெரியாவிட்டால் தெரியாது, ஞாபகம் இல்லாவிட்டால் ஞாபகம் இல்லை. இரண்டும் ஒன்றல்ல, மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

எதைச் சொல்லக் கூடாது என்பதையும் தெரிந்துகொண்டுதான் ஏற வேண்டும். பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அது அதே சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் 27ஆம் பிரிவின் கீழ்ச் சொல்லலாம். "நான்தான் குத்தினேன் என்று அவன் என்னிடம் சொன்னான்" என்று உளறினால் அரச சட்டவாதியே தலையில் கைவைப்பார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் சொன்ன ஒப்புதல் ஏற்கப்படுவது வேறு விஷயம். அதன் கதை நம் ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஹெரோயின் வழக்குகளில் வேறு விதமான வேதனை. தூய ஹெரோயின் 2 கிராமைத் தொட்டாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ வரலாம். அதனால் பொட்டலம் பிடிபட்ட நிமிடத்திலிருந்து பெலவத்தையில் இருக்கும் இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போய்ச் சேரும்வரை யார் கையில் இருந்தது, யார் முன்னால் எடை போட்டது, யார் முத்திரை வைத்தது என்று ஒவ்வொரு கையாக விசாரிப்பார்கள். நடுவில் ஒரு கை விட்டுப்போனாலும் வழக்கு ஆட்டம் காணும். நியாயம்தான், உயிர்ப் பிரச்சினை அல்லவா.

கொழும்பில் தமிழ் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வெள்ளவத்தையில் ஒரு அம்மா, "கன்னத்தில் அறைந்தான்" என்று தமிழில் சொன்னார். எழுதிய உத்தியோகத்தர் சிங்களத்தில் 'கஹுவா' என்று போட்டுவிட்டார். அடித்தாலும் அதுதான், அறைந்தாலும் அதுதான். நீதிமன்றத்தில் அவர் "அறைந்தான்" என்றதும், "வாக்குமூலத்தில் கன்னம் இல்லையே அம்மா" என்று பிடித்துக்கொண்டார்கள். பாவம், அவருக்கு என்ன கேட்கிறார்கள் என்றே விளங்கவில்லை. வாக்குமூலம் கொடுக்கும்போது தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வைக்காதீர்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் அழைப்பாணை விடாது. போன வருடமும் ஒரு பழைய வழக்குக்குப் போனேன். தகரத்துக்குப் பிந்திய காலத்து வழக்கு. குறிப்பை எடுத்துப் படித்தால், வாசலில் கட்டியிருந்த நாயின் நிறம்வரை எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்தது. யார் கேட்டாலும் பதில் சொல்லத் தயாராகக் காலை எட்டு மணியிலிருந்து வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எதிரியின் சட்டத்தரணிக்குச் சுகமில்லை என்று பதினொரு மணிக்கு வேறு தவணை போட்டுவிட்டார்கள்.